எந்தப் பக்கம்?

படகு வருவது முதலில் காதில் விழும் என்று நினைத்திருந்தேன். விழவில்லை. மேடிசன் ஆற்றில் தொடையளவுத் தண்ணீரில் நிற்பவனுக்கு அந்த ஆற்றைத் தவிர வேறெதுவும் கேட்காது. படுகை முழுக்கக் கூழாங்கல்லும் உருண்டைப் பாறையும். தண்ணீர் ஒரு கல்லில் இடித்து, அடுத்த கல்லில் உடைந்து, வாய் ஓயாமல் போய்க்கொண்டே இருக்கும். மொன்டானா மாநிலத்தில் குவேக் ஏரிக்கும் எனிஸ் என்ற சிற்றூருக்கும் இடைப்பட்ட பகுதிக்கு ஐம்பது மைல் சலசலப்பு என்றே பட்டப்பெயர். அந்தச் சலசலப்புக்குள் தூண்டிலை வீசிக்கொண்டு நின்றபோது பக்கவாட்டிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"எந்தப் பக்கம் போகட்டும்?"

திரும்பினேன். கூப்பிடு தூரத்தில் ஒரு படகு. நடுவில் துடுப்புப் பிடித்திருந்தவர்தான் கேட்டிருக்கிறார். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். இருவரும் தூண்டில் கோலை உயர்த்தி, நூல் தண்ணீரில் படாமல் பிடித்திருந்தார்கள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இத்தனை அகலமான ஆற்றில் என்னைக் கேட்பதற்கு என்ன இருக்கிறது? கையை இப்படியும் அப்படியுமாக ஆட்டினேன். அவர் என் கோல் நீண்டிருந்த திசையை ஒரு கணம் பார்த்தார். பிறகு படகின் மூக்கைச் சரித்து, எனக்கும் கரைக்கும் நடுவில் கிடந்த இருபதடி இடுக்குக்குள் கொண்டுவந்தார். துடுப்புகள் இரண்டும் தண்ணீரைவிட்டு மேலே எழுந்தன. அவற்றின் நுனியிலிருந்து சொட்டிய துளிகள் வரிசையாக விழுந்தன. கையை நீட்டினால் தொட்டுவிடலாம் என்கிற நெருக்கத்தில் மூன்று பேர் என் முதுகுக்குப் பின்னால் வழுக்கிப் போனார்கள். ஒருவர் நன்றி சொன்னார், கோயில் பிராகாரத்தில் பேசுகிற குரலில்.

எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தப் பக்கம் அவ்வளவு தண்ணீர் சும்மா கிடக்க, ஆளை உரசிக்கொண்டு போவானேன்? நம் ஊர் பஸ் நிலையத்தில் காலி பெஞ்சு பத்து இருக்கும்போது நம் மடியிலேயே வந்து உட்காருகிற ஆளைப் பார்ப்பதுபோல அந்தப் படகைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

என்னை அந்த ஆற்றுக்குக் கூட்டிப்போன நண்பர் மேட்டூர்க்காரர். போஸ்மன் நகரில் ஒரு ஆய்வுக்கூடத்தில் வேலை. என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். மாலையில் அவரிடம் புகார் சொன்னேன். சிரித்தார்.

"ஏனுங்கண்ணா, மீனு எங்கங்க இருந்துச்சு? உங்களுக்கு முன்னால தானுங்க? அப்ப அவன் பின்னால தானுங்க போகோணும்?"

இதைப் புரிந்துகொள்ள மீன் எப்படி நிற்கிறது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். அங்கே பிடிப்பது டிரவுட் மீன். அது ஓட்டத்தை எதிர்த்து, தலையை மேல்நோக்கி வைத்து, ஒரே இடத்தில் நிற்கும். ஊர் சுற்றி இரை தேடாது. தண்ணீர் கொண்டுவரும் பூச்சியை வாயைத் திறந்து வாங்கிக்கொள்ளும். ஆகவே அதிகம் உழைக்காமல் அதிகம் சாப்பிடக்கூடிய இடத்தைத் தேர்ந்தெடுக்கும்: வேகமான ஓட்டமும் மந்தமான ஓட்டமும் ஒன்றையொன்று உரசிக்கொள்கிற கோடு, பாறைக்குப் பின்னாலுள்ள அமைதி, கரையோரப் பள்ளம். தூண்டில்காரன் பூனைபோல அடியெடுத்து வைத்து, அந்தக் கோட்டுக்கு எட்டுகிற தூரத்தில் நின்றுகொள்கிறான். அவன் முன்னாலுள்ள தண்ணீர்தான் அவனுடைய பண்டம். பின்னாலுள்ளதை அவன் ஏற்கெனவே மிதித்துக் கலக்கியாயிற்று; அங்கே மீன் இருந்திருந்தாலும் ஓடியிருக்கும். படகு அந்தச் செலவழிந்த தண்ணீரில் போவதுதான் மரியாதை. எட்டிப் போகிறேன் என்று அந்தப் பக்கமாகச் சுற்றினால் நிழல் விழும், துடுப்பு கல்லில் இடிக்கும், அரைமணி நேரமாக அவன் கண்வைத்திருந்த மீன் அடியில் போய் ஒடுங்கிவிடும். தூரம் காட்டுவது மரியாதை என்று நினைத்துப் பழகிய எனக்கு, ஆளை உரசிக்கொண்டு போவதும் மரியாதையாக இருக்கலாம் என்பது பிடிபடக் கொஞ்ச நாளாயிற்று.

பின்னால் போக ஆழம் இல்லையென்றால் எதிர்க்கரையை ஒட்டி, துடுப்பைத் தூக்கிக்கொண்டு, தூண்டில் வீசாமல் போக வேண்டும். தெரியவில்லையென்றால் கேட்க வேண்டும். கடந்தபின் அவனுக்குக் கீழே இருபது கஜத்தில் நங்கூரம் போடக் கூடாது, ஏனென்றால் அவன் அடுத்து நகரப்போவது அந்தத் தண்ணீருக்குத்தான். மேல்நோக்கி நடக்கிற ஆளாக இருந்தால் அவனுக்கு மேலே போடக் கூடாது. இதெல்லாம் எங்கும் சட்டமாக எழுதப்பட்டதில்லை. ஆற்றங்கரைத் தூண்டில் கடைகளில் எழுதி ஒட்டியிருப்பார்கள். கைடுகள் தங்களிடம் தொழில் பழக வருகிற பையன்களுக்கு அதட்டிச் சொல்லிக்கொடுப்பார்கள்.

இந்த வழக்கங்களுக்கெல்லாம் அடியில் ஒரு கணக்கு இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. காலையில் ஒரு படகுத்துறையில் இறங்கி மாலையில் இன்னொரு துறையில் ஏறுகிற படகுக்கு அன்றைக்குப் பத்துப் பதினைந்து மைல் ஆறு சொந்தம். ஒரு பாறைக்குப் பின்னால் மீன் கிடைக்காவிட்டால் அடுத்த பாறை வந்துகொண்டே இருக்கும். நிற்கிறவனுக்கு அப்படியில்லை. சாலையோரம் காரை நிறுத்திவிட்டு, வேலிக்கும் ஆற்றுக்கும் நடுவில் தடம் பிடித்து வந்து, அவன் நாளெல்லாம் தொடக்கூடிய தண்ணீர் ஒரு அரை மைல் இருந்தால் அதிகம். இந்த நிமிஷத்தில் அவனுடையது முப்பதடி. பதினைந்து மைல் வைத்திருக்கிறவன் முப்பதடி வைத்திருக்கிறவனிடமிருந்து பத்தடி எடுத்தால் அது வேறு கணக்கு. வரப்பை வெட்டிக் கரைக்கிற பெரிய பண்ணைக்காரரைப் பார்த்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

ஆனால் இது பாதிக் கணக்கு. மீதிப் பாதியைத் துடுப்பைப் பிடித்தபோதுதான் கற்றேன்.

நண்பர் வைத்திருந்தது இரண்டாம் கையாக வாங்கிய டிரிஃப்ட் படகு. ஓரிகன் மாநிலத்து மெக்கென்சி ஆற்றில் உருவான ஜாதி. அடிப்பக்கம் தட்டை, முன்னும் பின்னும் வாழைப்பழம்போலத் தூக்கியிருக்கும், சில அங்குலத் தண்ணீர் இருந்தாலே மிதக்கும். ஓட்டுகிறவர் நடுவில் உட்கார்ந்து, போகிற திசையைப் பார்த்தபடி துடுப்புப் போடுவார். வழக்கமான துடுப்புப் படகில் முதுகைக் காட்டிக்கொண்டுதான் போக வேண்டும்; 1890களில் யூட்டா பக்கத்தில் விலங்குப்பொறி வைத்துப் பிழைத்த நதானியேல் கேலோவே என்பவர்தான் பாறை நிறைந்த ஆறுகளில் திரும்பி உட்கார்ந்து ஓட்டும் முறையைப் பரப்பியவர். அதில் இன்னொரு விசேஷம் உண்டு. துடுப்பு படகை முன்னால் தள்ளுவதற்கு அல்ல. ஆறுதான் தள்ளிக்கொண்டு போகிறதே! ஓட்டுகிறவர் நாள் முழுக்கப் பின்னோக்கி இழுத்துக்கொண்டே இருக்கிறார். படகை ஆற்றைவிட மெதுவாக வைத்திருப்பதுதான் அவருடைய வேலை. எங்கே ஒதுங்க வேண்டுமோ அதற்கு எதிர்ப்பக்கம் மூக்கைச் சாய்த்து, பின்னால் இழுத்தால், படகு குறுக்காக நகரும்.

"நம்ம பரிசல்காரங்களும் முன்னால பாத்துத்தானுங்கண்ணா போடுவாங்க" என்பார் நண்பர். உண்மைதான். ஆனால் பரிசலில் ஒரே துடுப்பு, முன்பக்கம் உட்கார்ந்து தண்ணீரைத் தன் பக்கம் வாரி வாரி இழுக்க வேண்டும், அசந்தால் வட்டமடிக்கும். மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பில் பரிசலில் போய் வலை போடுகிறவர்களைப் பார்த்து வளர்ந்தவர் அவர். அங்கே வலை கிடக்கும் இடத்தைக் காலி பிளாஸ்டிக் பாட்டில்கள் மிதந்து காட்டும். இன்னொருத்தர் பாட்டிலுக்கு மேலே பரிசலை விடுவது சோற்றில் கைவைப்பதற்குச் சமம் என்று அவர் சொன்னதில் வேடிக்கையின் சாயலே இல்லை. அங்கே மீன் வயிற்றுப்பாடு. இங்கே பெரும்பாலும் பிடித்த மீனை முத்தம் கொடுக்காத குறையாகத் திருப்பி விட்டுவிடுகிறார்கள். விளையாட்டுக்கு இத்தனை முறைப்பாடா என்று முதலில் எனக்கு இளப்பமாகத்தான் இருந்தது. பிறகு யோசித்தால், கிரிக்கெட்டுக்கு நாம் செய்கிற சண்டையை விடவா?

ஜூன் கடைசி வாரம். மேடிசனில் சால்மன்ஃபிளை என்ற பெரிய பூச்சி, சுண்டுவிரல் நீளம் இருக்கும், ஆற்றடியிலிருந்து கரையேறிச் சிறகு முளைத்துப் பறக்கிற நாட்கள். மீன்கள் வெறிபிடித்துத் தின்னும். அதைக் கேள்விப்பட்டு உலகத்துப் படகெல்லாம் அங்கே வந்திருக்கும். அன்றைக்கு நண்பர் என் கையில் துடுப்பைக் கொடுத்தார். தண்ணீர் வேகம். ஒரு வளைவு திரும்பினதும் வலது கரையோரம் ஒரு பெரியவர் நிற்பது தெரிந்தது. இடுப்பளவுத் தண்ணீர், பச்சை நிறம் வெளுத்துப்போன தொப்பி. அவருக்குப் பின்னால் போக இடமில்லை, கரை ஒட்டியிருந்தது. இடதுபக்கம் ஒதுங்க வேண்டும். மூக்கை எந்தப் பக்கம் சாய்ப்பது? தெரியும், ஆனால் கை மறந்துவிட்டது. தவறான பக்கம் சாய்த்து முழுபலத்தோடு இழுத்தேன். இழுக்க இழுக்க அவரை நோக்கியே போனது படகு.

"விடுங்கண்ணா, விடுங்க, தொடாதீங்க!" என்றார் நண்பர்.

விட்டேன். பெரியவருடைய கோலுக்கும் நூல் விழுந்த இடத்துக்கும் நடுவில், அதாவது அவர் அந்தக் காலைப்பொழுதைச் செலவழித்துத் தயார்செய்திருந்த அத்தனை தண்ணீருக்கும் மேலே, ஒரு கல்யாண ஊர்வலம்போலப் போனோம். என் இடது துடுப்பு பாறையில் மோதி 'டங்' என்றது. நூலை அவர் கடைசி நொடியில் தூக்கிக்கொண்டார். நான் மன்னிப்புக் கேட்டேன். இரண்டு தடவை கேட்டேன். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒன்றும் சொல்லாமல் நூலை நிதானமாகச் சுற்றி, கொக்கியைக் கோலின் வளையத்தில் மாட்டி, கரையேறிப் போய் ஒரு கல்லில் உட்கார்ந்தார். சட்டைப்பையிலிருந்து எதையோ எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தார். அடுத்த வளைவு அவரை மறைக்கும்வரை நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அவர் எங்களைப் பார்க்கவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நிற்கிறவன் எப்போதும் நிற்கலாம். மிதக்கிறவனால் நிற்க முடியாது. எதற்கும் முந்நூறடி முன்னாலேயே முடிவெடுத்தாக வேண்டும்; எடுக்கத் தவறினால் மன்னிப்புக் கேட்பதைத் தவிர ஒன்றும் மிச்சமில்லை. படகுக்காரனின் பண்பு என்று பேசுவதில் பாதி அவனுடைய தோள்பலம், மீதி முன்யோசனை. கெட்ட எண்ணத்தால் நடக்கிற தப்பைவிடக் கைவராததால் நடக்கிற தப்புதான் ஆற்றில் அதிகம். கரையில் நிற்பவருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரிய வழியில்லை.

'ஆத்துல போற தண்ணிய அய்யா குடி, அம்மா குடி' என்று நம்மிடம் ஒரு பழமொழி உண்டு. யாருக்கும் சொந்தமில்லாததை யாரும் தாராளமாகக் கொடுக்கலாம் என்கிற கிண்டல். மொன்டானாவின் 1972ஆம் ஆண்டு அரசியல் சாசனம் கிண்டல் இல்லாமல் கிட்டத்தட்ட இதையே சொல்கிறது: மாநிலத்து நீரெல்லாம் மக்களின் பயன்பாட்டுக்காக மாநிலத்தின் சொத்து. பண்ணை முதலாளிகள் சிலர், தண்ணீர் உங்களுடையதாக இருக்கலாம், அதற்கு அடியிலுள்ள நிலம் எங்களுடையது என்றார்கள். டியர்பார்ன் ஆற்றையும் பீவர்ஹெட் ஆற்றையும் பற்றிய இரண்டு வழக்குகளில் 1984இல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பொழுதுபோக்குக்குப் பயன்படக்கூடிய ஆறு என்றால், படுகை யாருடைய பத்திரத்தில் இருந்தாலும் பொதுமக்கள் புழங்கலாம். அடுத்த வருஷமே அது சட்டமாயிற்று. வழக்கமாக வெள்ளம் ஏறும் மட்டத்துக்குள் நடக்கலாம், மிதக்கலாம், நிற்கலாம். அந்தக் கோட்டைத் தாண்டி வயலுக்குள் காலை வைத்தால் அத்துமீறல்.

பக்கத்து மாநிலம் வயோமிங். அங்கே நார்த் பிளாட் ஆற்றைப் பற்றிய 1961ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று இருக்கிறது. தனியார் நிலத்தினூடே ஓடும் ஆற்றில் நீங்கள் மிதந்து போகலாம். படகு மேட்டில் தட்டினால் இறங்கித் தள்ளலாம். அதற்குமேல் காலை ஊன்றி நடந்தாலோ நங்கூரம் போட்டாலோ அத்துமீறல். கொலராடோ இன்னும் இறுக்கம்: படுகையைத் தொட்டுக்கொண்டு போன படகுக்காரர்களைக் குற்றவாளிகள் என்றே 1979இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அதே மாநிலத்தில் ஆர்கன்சா ஆற்றில் இறங்கி நின்று தூண்டில் போட்ட ஒரு முதியவர், கரையின் சொந்தக்காரர்கள் கல்லெறிந்து விரட்டினார்கள் என்று வழக்குப் போட்டுப் பல வருஷம் அலைந்தார். ஆற்றுப்படுகை யாருக்குச் சொந்தம் என்று கேட்க உமக்குத் தகுதி இல்லை என்று 2023இல் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

மலையிலிருந்து இறங்குகிற ஒரே பனிநீர்தான். மாநிலத்தின் எல்லைக்கோட்டைத் தாண்டினால், தண்ணீரில் பதிகிற பாதம் குடிமகனின் பாதமா திருடனின் பாதமா என்பது மாறிவிடுகிறது. வயோமிங்கில் படகுக்காரனும் நிற்பவனும் சண்டை போட்டுக்கொள்வது குறைவு என்று யாரோ சொன்னார்கள். இருக்கலாம். நிற்பவனையே சட்டம் பல இடங்களில் அப்புறப்படுத்திவிட்டது, பிறகு எங்கே சண்டை? மொன்டானா இருவரையும் உள்ளே விட்டது. எப்படி இருந்துகொள்வது என்று சொல்லவில்லை. வெள்ளமட்டக் கோட்டை ஒரு சர்வேயர் அளந்துவிட முடியும். ஒரு ஆளின் தூண்டில் எட்டுகிற தூரத்தை எந்த அமீனாவும் வந்து அளக்கப் போவதில்லை. அதனால்தான் அங்கே அந்தக் கேள்வி தேவைப்படுகிறது: எந்தப் பக்கம் போகட்டும்?

நிற்கிறவர்கள் எல்லாரும் சாதுக்கள் என்று சொல்ல வரவில்லை. நானே செய்திருக்கிறேன். ஆறு ஒடுங்கி, பாறைகளுக்கு நடுவில் படகு போக ஒரே வாய் இருக்கும். அந்த வாயின் நட்டநடுவில் போய் நின்றுகொள்வது. அங்கே மீன் இருக்கும், சந்தேகமில்லை. படகும் அங்கேதான் வந்தாக வேண்டும். துடுப்புக்காரர் மேலேயிருந்து கத்துகிறார். நாம் காதில் விழாத மாதிரி அடுத்த வீச்சு வீசுகிறோம். 'முதலில் வந்தவன் நான்' என்ற வாக்கியம் மனசுக்குள் ஓடிக்கொண்டிருக்கும். முதலில் வந்தவனுக்குத்தான் தண்ணீர் என்பது அந்த ஆறுகளில் எல்லாரும் ஒப்புக்கொண்ட முறை. ஆனால் வாசலில் முதலில் உட்கார்ந்தவனுக்கு வாசல் சொந்தமாகுமா? இரண்டடி பின்வாங்கிக் கோலைத் தூக்கிப் பிடித்தால் பத்து நொடியில் படகு போய்விடும். மீன் உள்ளே ஒடுங்கினாலும், மேலே பூச்சி வந்துகொண்டிருந்தால் கொஞ்ச நேரத்தில் திரும்பவும் வாய் திறக்கும். நான் பார்த்தவரை, படகு போன தண்ணீரில் மீன் மறுபடி எழுவதற்கு ஆகிற நேரத்தைவிட, தூண்டில்காரனின் கோபம் தணிய ஆகிற நேரம் அதிகம்.

அந்தக் கோபத்துக்குப் பின்னால் காசும் இருக்கிறது. கைடு வைத்து ஒரு நாள் படகில் போகப் பல நூறு டாலர் ஆகும். அந்தப் பணத்தைக் கொடுத்தவர் வருஷத்துக்கு ஒரு முறை வருகிறவராக இருப்பார். மீன் மாட்டாவிட்டால் கைடுக்கு டிப்ஸ் குறையும். கரையில் நிற்பவர் அநேகமாக உள்ளூர்க்காரர். மரவேலையோ பள்ளிக்கூட வேலையோ முடித்துவிட்டுப் பழைய வண்டியில் வந்தவர். சின்ன வயசில் இந்த வளைவில் தன் அப்பாவோடு நின்றவர். அவருக்கு முன்னால் ஒரு நாளைக்கு எத்தனை படகு போகிறது என்பது ஆற்றின் கணக்கு மட்டுமில்லை, ஊரின் கணக்கும்தான். நிலத்தின் விலை எங்கே போயிற்று, யார் வந்து வாங்கினார்கள் என்கிற கணக்கு. கைடு நாகரிகமாக வழிகேட்டுப் போனாலும் அது தீராது. ஆனால் நாகரிகமில்லாமல் போனால் அத்தனையும் ஒரே நொடியில் தண்ணீருக்கு மேலே வந்துவிடும். படகுத்துறைகளில் கைகலப்பு வரைக்கும் போனதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். காரணம் அற்பம்: ஒருத்தர் படகைத் துறையில் நிறுத்திக்கொண்டு, சாவகாசமாகக் கோலுக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தார். பின்னால் ஆறு வண்டி காத்திருந்தது. ரேஷன் கடை கவுண்டரில் போய் நின்றபிறகு பையைப் பிரித்துக் கார்டைத் தேடுகிறவர் எல்லா ஊரிலும் இருப்பார் போலிருக்கிறது.

ஆகஸ்டில் ஆறு சுடும். தண்ணீரின் வெப்பம் 73 டிகிரி ஃபாரன்ஹீட்டை, நம் கணக்கில் கிட்டத்தட்ட 23 டிகிரியை, மூன்று நாள் தொடர்ந்து தொட்டால், பிற்பகல் இரண்டு மணிக்குமேல் நள்ளிரவு வரை தூண்டில் போடக் கூடாது என்று மீன்வளத் துறை அறிவித்துவிடும். இதற்கு ஆந்தை விதி என்று பெயர். இரண்டு மணிக்குப் படகில் இருக்கிறவரும் நூலைச் சுற்றுவார், தண்ணீரில் நிற்பவரும் சுற்றுவார். காலையிலிருந்து ஒருத்தரையொருத்தர் முறைத்துக்கொண்டிருந்தவர்கள் துறையில் ஒரே மரநிழலில் உட்கார்ந்து சாண்ட்விச் தின்பதைப் பார்க்கலாம். பேச்செல்லாம் வெயிலைப் பற்றித்தான்.

கிளம்புவதற்கு முந்தின வாரம் நண்பர் என்னை மேடிசனின் மேல்பகுதிக்கு அழைத்துப்போனார். 1959 ஆகஸ்ட் 17 இரவு அங்கே நிலநடுக்கத்தில் ஒரு மலைச்சரிவே இடிந்து ஆற்றின் குறுக்கே விழுந்தது. 28 பேர் செத்துப்போனார்கள். கூடாரம் போட்டுத் தங்கியிருந்தவர்கள் பலர். மறிக்கப்பட்ட ஆறுதான் குவேக் ஏரி. மொட்டையாக நிற்கும் மரங்கள் இன்றைக்கும் அந்தத் தண்ணீருக்குள் தெரிகின்றன. ஏரியிலிருந்து ஆறு வெளியேறும் இடந்தொட்டு லயன்ஸ் பாலம் வரைக்கும் ஒரு தனி விதி. படகில் போகலாம். ஆனால் படகிலிருந்தபடி தூண்டில் போடக் கூடாது. மீன் வேண்டுமென்றால் படகை ஓரங்கட்டி இறங்கி, எல்லாரையும்போலத் தண்ணீரில் நின்றுதான் பிடிக்க வேண்டும். யாருக்கும் வழியை மறுக்காமல் நிற்பவனின் கை மேலோங்க விட்ட அந்த ஏற்பாட்டை யார் யோசித்தார்களோ, நல்ல மூளை.

துடுப்பு நண்பரிடம். நான் முன்னால். போகிற வழியில் நின்றிருந்த இரண்டு பேரிடம் அவர் முறையாகக் கேட்டார். ஒருவர் கோலின் நுனியால் தன் முதுகுப்பக்கம் காட்டினார். இன்னொருவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் இடது கையை மட்டும் உயர்த்தி அந்தப் பக்கம் போ என்று விரலை மடக்கினார். இரண்டு இடத்திலும் நண்பர் துடுப்பைத் தூக்கிக்கொண்டார். படகு பேச்சில்லாமல் போயிற்று. இந்தத் தடவை கோயில் குரலில் நன்றி சொன்னது நான்.

ஒரு தீவின் வால் பக்கம் நல்ல மடு தெரிந்தது. மணல்மேட்டில் படகை ஏற்றி நங்கூரத்தை இறக்கினோம். அவர் மார்பளவு ரப்பர் உடுப்பின் வாரை இறுக்கிக்கொண்டு, கழியை ஊன்றித் தண்ணீரில் இறங்கினார். வழுக்கும் கல். ஒவ்வொரு கல்லாகக் காலால் தடவித் தடவிப் போய், இடுப்பளவில் நின்றார். ஒரு வீச்சு. இரண்டு வீச்சு. மூன்றாவது வீச்சில் ஒரு மீன் மேலே வந்து பூச்சியை முகர்ந்துவிட்டுப் போயிற்று. "இருக்குதுங்கண்ணா, இங்கதான் இருக்குது" என்று குசுகுசுத்தார். இறங்கி ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. மேலே வளைவில் ஒரு படகு திரும்பியது. துடுப்புக்காரர் மூக்கைச் சாய்த்து, ஒழுங்காகத்தான், தூரத்திலிருந்தே எதிர்க்கரையை நோக்கி ஒதுங்கத் தொடங்கியிருந்தார்.

நண்பர் வீசுவதை நிறுத்திவிட்டு இடுப்பில் கைவைத்தார்.

"பாருங்கண்ணா, இத்தன பெரிய ஆத்துல எப்படி வர்றான் பாருங்க" என்றார்.